தராசு பொய் சொல்லாது: சப்ரகமுவத் தோட்டங்களில் ஏமாற்றின் வரலாறு

தமிழகத்தில் ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வேண்டுமானால் ‘போர் ட்வென்டி’ என்று சொல்லிவிடுவார்கள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு அளித்த பட்டப்பெயர் அது. 2024 ஜூலையில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, பிரிவின் எண் 318 ஆகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 398ஆம் பிரிவு இதே குற்றத்தை வரையறுக்கிறது. ஒருவரை நம்பவைத்து, நேர்மையற்ற நோக்கத்துடன் அவருடைய பொருளைத் தன்னிடமோ பிறரிடமோ ஒப்படைக்கச் செய்வது ஏமாற்று. உண்மை தெரிந்திருந்தால் அவர் செய்திருக்கமாட்டாத ஒன்றைச் செய்யத் தூண்டி, அதனால் அவருக்குக் கேடு விளைவிப்பதும் ஏமாற்று. சட்டம் சொல்வதன் சாரம் இதுதான்.

தமிழ்மொழி இந்தக் குற்றத்துக்குப் பல பெயர்களை வைத்திருக்கிறது. வஞ்சனை, சூது, புரட்டு, மோசடி, ஏய்ப்பு, ஏமாற்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வள்ளுவர் ‘கள்ளாமை’ அதிகாரத்தில், பிறர் பொருளைக் கள்ளத்தால் கவர எண்ணுவதையே தீமை என்கிறார். ‘நடுவுநிலைமை’ அதிகாரத்தில் சான்றோருக்கு உவமையாகத் துலாக்கோலை வைக்கிறார். ஒன்று எண்ணத்தைப் பற்றியது. மற்றது அளவையைப் பற்றியது. ஏமாற்றின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடந்திருக்கிறது.

இந்தச் சொல்லின் பொருளை நூலகத்தில் தேடுவதைவிட இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தேடினால் அதிகம் விளங்கும். அங்கே நான்கு வகை ஏமாற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. வாக்கினால் ஒன்று, கணக்கினால் ஒன்று, நிறுவையினால் ஒன்று, சட்டத்தினால் ஒன்று. முதல் மூன்றைப் பற்றி நாம் ஓரளவு பேசியிருக்கிறோம். நான்காவது வகை, அதே கேகாலை மாவட்டத்திலிருந்து இலண்டன் வரை சென்ற இரண்டு வழக்குகளில் பதிவாகியிருக்கிறது. அதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

வாக்கு

தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டும் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களில் சொன்னதாக மலையகத்தில் வழிவழியாக வழங்கும் கதையை வாசகர்கள் கேட்டிருப்பீர்கள். கதை மிகைதான். ஆனால் மிகையின் உள்ளே உண்மை இருக்கிறது. சொன்னவர் அந்நியர் அல்லர். ஒரே ஊர், பலவேளைகளில் ஒரே உறவுமுறை. பஞ்சத்திலும் சாதிக் கொடுமையிலும் நொந்துபோன மனிதருக்கு வேறு எவருடைய வாக்கையும் சோதித்துப் பார்க்கும் வழி இருக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்தை யார் போய்ப் பார்த்துவிட்டு வர முடியும்?

இங்கே சட்டத்தின் பக்கச் சார்பைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்று என்றால் என்ன என்பதை விளக்கும் உதாரணங்களில் ஒன்று அவுரிச் செடியைப் பற்றியது. அவுரி தருவதாகச் சொல்லி, தரும் எண்ணமே இல்லாமல் முன்பணம் வாங்குபவர் ஏமாற்றுகிறார். தரும் எண்ணத்துடன் வாங்கிப் பின்னர் தவறினால் அது ஏமாற்று அன்று, வெறும் ஒப்பந்த மீறல். சிவில் வழக்குத்தான் போடலாம். நியாயமான வேறுபாடு. ஆனால் முன்பணம் வாங்கிய தொழிலாளி என்று வந்தவுடன் இந்த வேறுபாடு மறைந்துவிட்டது. இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் பெற்றபின் வேலைக்கு வராதவரை ‘மோசடி’யான மீறல் செய்தவராகக் கருதியே எழுதப்பட்டது. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டத்தை விட்டு ஓடிய தொழிலாளிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

தேங்காயும் மாசியும் வாக்களித்தவர் சிறைக்குப் போகவில்லை. அந்த வாக்கை நம்பி வந்து, உண்மை தெரிந்து ஓடியவர் போனார். யாருடைய பொய் குற்றம், யாருடைய பொய் தொழில்முறை என்பதைச் சட்டம் அன்றே பிரித்துவிட்டது.

கணக்கு

இரண்டாவது ஏமாற்று ஏட்டில் நடந்தது. தொழிலாளி தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கடனாளி. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி என்று எல்லாமே அவர் பெயரில் ஏறியிருக்கும். கொடுத்தவர் பெரிய கங்காணி, எழுதியவரும் அவரே. கூட்டத்துடன் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், பழைய தோட்டத்துத் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார். இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்பது அதன் பொருள். புதிய துரை அந்தத் தொகையைக் கொடுப்பார். அது மீண்டும் தொழிலாளர் தலையில் ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை பெருகுவதற்கு வசதி இருந்தது. கடன் வளர்ந்தால் கங்காணியின் கையில் புரளும் பணமும் வளரும்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் ஒருவருடைய வாழ்நாள் கடன், அவர் பார்க்காத ஏட்டில், அவர் அறியாத எண்களில் இருந்தது. அந்த எண் சரியா தவறா என்ற கேள்விக்கே இடமில்லை. தந்தையின் கடன் பிள்ளைகளின் உழைப்பைக் கட்டிப்போட்டதும் உண்டு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஏமாற்றில் வெள்ளைத் துரையின் பங்கு பெரிது. ஆனால் ஏட்டை எழுதிய கை தமிழ்க் கை. தமிழரைத் தமிழர் ஏமாற்றிய இந்த அத்தியாயத்தைத் தவிர்த்துவிட்டு மலையக வரலாற்றை எழுத முடியாது. ‘துண்டு’ முறையும் வேலையை விட்டு ஓடியதற்கான சிறைத்தண்டனையும் 1921இல்தான் சட்டத்தினால் நீக்கப்பட்டன. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. 1930களின் தொடக்கத்தில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கட்டியதும், அவரும் மீனாட்சி அம்மையாரும் எளிய தமிழில் எழுதியும் பாடியும் பேசியும் திரிந்ததும் இந்தப் பின்னணியில்தான். கணக்கு என்பது துரைக்கும் கங்காணிக்கும் மட்டும் சொந்தமான இரகசியமன்று என்பதே அவர்களுடைய முதல் பாடம்.

நிறுவை

சப்ரகமுவவின் தோட்டங்கள் நுவரெலியாவின் தோட்டங்களைப் போன்றவை அல்ல. உயரம் குறைவு, மழை அதிகம், தேயிலையோடு இறப்பரும் கலந்த பூமி. களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறியபோது எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல பகுதிகளில் மரங்கள் பெருகின. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள். நடுவே சிதறிக் கிடக்கும் லயங்கள். எண்ணிக்கையில் குறைந்த, ஒன்றுகூட வசதியில்லாத மக்கள் என்பதால் இங்கே ஏமாற்றைத் தட்டிக்கேட்பது இன்னும் கடினமாக இருந்தது.

கொழுந்து மடுவத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுவை நடக்கும். தராசு ஒரு எண்ணைக் காட்டும். கணக்கப்பிள்ளை இன்னொரு எண்ணை எழுதுவார். கூடையின் எடைக்கு இவ்வளவு, மழையில் நனைந்த ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழிவு போகும். ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் உண்டு. எவ்வளவு ஈரம் என்பதை யார் அளப்பது? நீர் எத்தனை கிலோ என்பது கண்ணால் கணிக்கப்பட்டது. நாளுக்குரிய அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் அரைப்பேர் ஆகிவிடும். அதாவது, முழு நாள் மலையேறி நின்றவருக்குப் பாதி நாள் கூலி.

இறப்பர்த் தோட்டத்தில் இன்னும் நுட்பம். பால் வெட்டுபவர் வாளியில் கொண்டுவரும் பாலின் அளவு மட்டும் போதாது. அதில் எவ்வளவு உலர் இறப்பர் இருக்கிறது என்று மெட்ரோலக் என்னும் கருவியைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதன் கோடுகளை வாசிக்கத் தெரிந்தவர் எழுதுவதே முடிவு. மழை பெய்து சிரட்டையில் நீர் சேர்ந்தால் குறைவது வெட்டியவரின் கூலி.

தொழிலாளியும் ஏமாற்றியதில்லையா? ஏமாற்றியதுண்டு. கூடையின் அடியில் கல் வைத்தவர் உண்டு. பாலில் தண்ணீர் கலந்தவர் உண்டு. ஒட்டுப்பாலை மடியில் மறைத்து வெளியே விற்றவர் உண்டு. அதைப் புனிதப்படுத்தத் தேவையில்லை. ஆனால் கல் வைத்தவர் பிடிபட்டால் வேலை போகும், பொலிஸ் வரும். கழிவு எழுதியவர் பிடிபடுவதற்கு வழியே இல்லை, ஏனெனில் அது வழமை. தண்டனைச் சட்டக்கோவையில் பொய்த் தராசுக்கும் பொய் எடைக்கல்லுக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. மடுவத்துத் தராசு பெரும்பாலும் சரியான தராசுதான். பொய் சொன்னது பதிவேடு. பதிவேட்டின் பொய்யைத் தராசுச் சட்டம் தொடுவதில்லை.

இந்த மூன்று வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஏமாற்றுக்குப் பொய் மட்டும் போதாது. எதிரில் இருப்பவரால் சரிபார்க்க முடியாத நிலையும் வேண்டும். தூரத்திலுள்ள தோட்டம், வாசிக்கத் தெரியாத ஏடு, அளக்க முடியாத ஈரம். இந்த நிலையை உண்டாக்கிவிட்டால், பிறகு பொய்யைக்கூட அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம்

இப்போது கேகாலையின் இரண்டு வழக்குகளுக்கு வருவோம்.

கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மயர் என்றொரு தோட்டம். இங்கிலாந்தின் யோர்க் நகரில் இதே பெயரில் ஒரு திடல் உண்டு. இன்று குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற அந்த இடத்தில் முன்னர் தூக்குமேடை இருந்தது. ‘நேவ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வஞ்சகன் என்று பொருள் இருப்பது தற்செயல்தான். நிலமற்ற சிங்களக் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக 1940களில் அரசு இத்தோட்டத்தைக் கையகப்படுத்தியது. நிலமற்ற கிராமத்தவரின் தேவை உண்மையானது. ஆனால் லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கும் நிலமில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வேலை முடிந்தது, வெளியேறுங்கள் என்று அறிவித்தல் வந்தது. அவர்கள் வெளியேறவில்லை. இலங்கை இந்திய காங்கிரஸின் தொழிற்சங்கம் 1946இல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

லயத்தை விட்டுப் போகாதவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்கு. அவர்களுள் ஒருவரான சின்னசாமி செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. (தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம் வேறு, இவர் வேறு.) அடுத்தவருக்குத் தொந்தரவு செய்யும் நோக்கத்துடன் ஓர் இடத்தில் நிற்பதே அத்துமீறல் குற்றம். தமக்கு உரிமை உண்டு என்று மனமார நம்பித் தம் வீட்டில் இருப்பவரிடம் அந்த நோக்கம் இருப்பதாகக் கொள்ள முடியாது. அந்த நம்பிக்கை சட்டப்படி தவறாக இருந்தாலும், அதனால் அடுத்தவருக்குத் தொந்தரவு ஏற்படும் என்று தெரிந்திருந்தாலும், அது குற்றமாகாது என்று 1950இல் பிரிவிக் கவுன்சில் முடிவு செய்தது. இத்தீர்ப்பு இன்றும் இந்திய, இலங்கை நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள்; அது ஒரு லயத்துக் காம்பராவைப் பற்றிய வழக்கு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த வழக்கில் நீதிமன்றம் தொழிலாளியின் மனத்துக்குள் எட்டிப் பார்த்தது. நோக்கம் என்ன என்று கேட்டது. அவருக்குச் சாதகமாக விடை கிடைத்தது.

மூன்றே ஆண்டுகளில் இரண்டாவது வழக்கு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கைப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. சட்டத்தில் எங்கும் தமிழர் என்ற சொல் இல்லை. இந்தியர் என்ற சொல்லும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான விதி. ஆனால் பிறப்புச் சான்றிதழைத் தேடி யார் அலைய வேண்டியிருந்தது என்பது ஊருக்கே தெரியும். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை.

கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்ல தொகுதியில் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கோரிய கோடக்கன் பிள்ளை என்பவரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1936 முதல் என். எம். பெரேரா வென்றுவந்த தொகுதி அது. தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் பலமாக இருந்தன என்பதை நினைவில் கொள்ளலாம். மேன்முறையீட்டை விசாரித்த திருத்தும் அலுவலர் அவருக்குச் சார்பாக முடிவெடுத்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. வழக்கு பிரிவிக் கவுன்சிலுக்குப் போனது.

சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின்மீது மட்டும் சுமத்தும் சட்டம் செல்லாது என்றது. நேராகச் செய்ய முடியாததைப் பாராளுமன்றம் சுற்றுவழியில் செய்திருக்கிறது என்பதே பிள்ளை தரப்பின் வாதம். இந்தியச் சட்ட மொழியில் இத்தகைய செயலை அரசியலமைப்பின்மீது இழைக்கப்பட்ட மோசடி என்பார்கள். சட்டமியற்றுவதிலும் ஏமாற்று உண்டு என்பதை அந்தச் சொற்றொடரே ஒப்புக்கொள்கிறது.

நேரடியாகச் செய்ய முடியாததை மறைமுகமாகச் செய்யும் சட்டங்கள் இருக்கக்கூடும் என்பதைப் பிரிவிக் கவுன்சிலும் மறுக்கவில்லை. ஆனால் இது அப்படிப்பட்டதன்று என்று 1953இல் தீர்ப்பளித்தது. தன் பிரஜைகள் யாரென்று வரையறுப்பது எந்தப் பாராளுமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்றது. இந்திய வம்சாவளியினர் விண்ணப்பித்துப் பிரஜையாவதற்கு 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறதே என்பதையும் சுட்டிக்காட்டியது.

அந்த வழி எவ்வளவு அகலம் என்று பின்னால் தெரிந்தது. திருமணமானவர் ஏழு ஆண்டுகளும், ஆகாதவர் பத்து ஆண்டுகளும், 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் விண்ணப்பங்களில் அடங்கியிருந்தனர். பிரஜாவுரிமை கிடைத்தவர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பதினாறு. நீதிமன்றம் திறந்திருப்பதாகக் கருதிய கதவு, நூறு பேரில் எண்பத்துநான்கு பேரின் முகத்தில் மூடப்பட்டது.

முதல் வழக்கில் தொழிலாளியின் நோக்கம் ஆராயப்பட்டது. இரண்டாவதில் அரசின் நோக்கத்துக்குள் நீதிமன்றம் அத்தனை ஆழமாக நுழைய விரும்பவில்லை. எழுத்தில் இருப்பதையே பெரிதாகக் கொண்டது. மடுவத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். தராசு சரி, எழுத்து சரி, கழிவும் எல்லோருக்கும் பொது. கூலி மட்டும் குறைந்திருக்கும்.

தொடரும் கணக்கு

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் அங்கே, 3 இலட்சம் இங்கே, மீதி பிறகு. பிரிக்கப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்குவதற்கு 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் தேவைப்பட்டன. அதாவது, 1948இல் எழுதப்பட்ட ஒரு ‘கழிவை’த் திருத்த 55 ஆண்டுகள்.

வாக்குரிமை திரும்பியது. ஏமாற்றும் முறைகள் மட்டும் முற்றாக மறையவில்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது என்றும், வேலை நாட்கள் குறைக்கப்பட்டன என்றும் தொழிலாளர்கள் முறையிட்டனர். கூலி என்ற எண் ஏறும். அதை முழுமையாகப் பெறுவதற்கான எண்ணும் கூடவே ஏறும். மின்னணுத் தராசு வந்துவிட்டது. ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்ற முடிவு இன்னும் மனிதரின் கையில்தான்.

ஆகவே, ஏமாற்றை ஒழிக்க நல்ல மனிதர்கள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. சப்ரகமுவவின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. கணக்கை வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறை உருவானபோது துண்டும் கடனும் தளர்ந்தன. சங்கம் வந்தபோது கழிவைப் பற்றிக் கேட்க ஒரு வாய் வந்தது. நீதிமன்றப் படியேற ஒரு செல்வநாயகம் துணிந்தபோது, லயத்தில் இருப்பதும் குற்றமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. சரிபார்க்கும் உரிமை கைமாறிய இடங்களில் எல்லாம் ஏமாற்று சுருங்கியிருக்கிறது.

இந்த இரண்டு மாவட்டங்களின் தோட்டங்களில் தமிழில் உயர்தரம் வரை படிக்கப் போதிய பாடசாலைகள் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அதைச் சலுகைக் கோரிக்கையாகப் பார்ப்பவர்கள் உண்டு. தம் பெயரில் எழுதப்படும் செக்ரோலையும், தம்மைப் பற்றி எழுதப்படும் சட்டத்தையும் தாமே வாசிக்க வேண்டும் என்ற கோரிக்கை அது. தராசு எப்போதும் பொய் சொன்னதில்லை. அதன் முன்னால் நின்றவருக்கு, எழுதியதைக் காட்டுங்கள் என்று கேட்கும் பலம்தான் இருக்கவில்லை.